கக்கத்துச் சதுரம்

தமிழ்த் தாளையும் மலையாளத் தாளையும்
ஒட்டித்தான் வெட்டினேன் மாதிரியை.
முன்பக்கம் குலசேகரத்து ரப்பர் விலை.
முதுகில் நெய்யாற்றின்கரை மரண அறிவிப்புகள்,
இருபத்திரண்டு முகங்கள்.
களியக்காவிளையில் அது ஒரு வசதி,
பழைய பேப்பர்க்காரர் இரண்டையும்
ஒரே தராசில் போடுகிறார்.

குப்பாயம் என்ற பெயர் மட்டும் கையில் இருந்தது.
நூலகத்தில் புரட்டிய கனத்த புத்தகத்தில்
கலகம் இருந்தது,
சந்தையில் கிழித்தெறிந்த கதை இருந்தது,
மேலே மூடிக்கொள்ளலாம், ஆனால்
மேல்சாதிக்காரிகளைப்போல் மட்டும் கூடாதென்று
ஆணை இருந்தது.
கழுத்து வட்டமா சதுரமா,
கையை எங்கே இணைத்தார்கள்,
முடிச்சா, பொத்தானா,
எவரும் எழுதவில்லை.
கிழித்ததற்குத் தேதி இருக்கிறது.
தைத்ததற்கு இல்லை.

ஆகவே ஊகம்.
துணியை வீணாக்க அவர்களுக்கு வழியிருந்திருக்காது.
எல்லாம் நேர்வெட்டு:
உடம்புக்கு ஒரு நீளத் துண்டு,
கைக்கு இரண்டு,
நடுவில் தலை நுழைய ஒரு கீறல்.
இரண்டரை மீட்டர் காடாத்துணி வாங்கினேன்.
ராசையன் அளந்துகொண்டே கேட்டார்,
"சாக்கு தைக்கவா, பிள்ளே?"
கஞ்சி போக மூன்று தடவை அலசினேன்.
இரவு பத்துக்கு மேல்தான் மெஷின் எனக்கு.
கிறிஸ்துதாஸ் வாசற்படியில் நின்றான்.
"சர்ச் நாடகத்துக்கா?"
"கடைக்கு."
"கடைக்கா?"
"பின்னே, தினமும் போடத்தான்."
அவன் விளக்கை என் பக்கமாய்த் திருப்பி வைத்துவிட்டுப்
படுக்கப் போனான்.

ஞாயிறு முடிந்தது முதல் குப்பாயம்.
கண்ணாடிக்கு முன்னால் கொள்ளாம்.
திங்கள் காலை, பாறசாலை பஸ்,
கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன்,
தோளுக்கு மேலே கை போகவில்லை.
வளைவில் பஸ் சாய்ந்தபோது
கக்கத்தில் டர்ரென்று ஒரு சத்தம்.
அன்று முழுக்க
இடது கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு
மூக்குக்கண்ணாடி விற்றேன்.
மேல்தட்டு ஃபிரேமை எடுக்க
ஸ்டூல் போட்டு ஏறினேன்.
வந்தவர் கேட்டார், கைக்கு என்ன, வாதமா?

விடை எந்தப் புத்தகத்திலும் இல்லை.
கிறிஸ்துதாஸின் பழைய பைஜாமாவில் இருந்தது.
கவட்டையில், நான்கு தையலும் கூடுமிடத்தில்
சாய்த்து வைத்த ஒரு சின்னத் துண்டு.
அதனால்தான் மனுஷன்
சம்மணமிட்டு உட்கார முடிகிறது.
கவட்டைக்குத் தெரிந்தது
கக்கத்துக்கு ஏன் தெரியக்கூடாது?
பிரித்தேன். நாலங்குலச் சதுரம் இரண்டு வெட்டி
மூலை மேலே பார்க்க வைத்துத் தைத்தேன்.
ஒருபக்கம் சுருங்கிவிட்டது. திரும்பப் பிரித்தேன்.
விரலில் ஊசி ஏறிய இடம்
இன்னும் கன்றியிருக்கிறது.
நள்ளிரவில் அடுக்களையில் நின்று
இரண்டு கையையும் உயர்த்தினேன்.
பரணில் உப்புப் பரணி எட்டியது.

அப்புறம் ஒரு பையும் வைத்தேன்,
போனுக்கும் சில்லறைக்கும்.
அந்தக் காலத்தில் பை இருந்ததா தெரியாது.
எனக்கு வேண்டும்.

புதன்கிழமை.
செக்போஸ்டில் ரேஷன் அரிசி தேடி
ஒவ்வொரு டிக்கியாய்த் திறக்கிறார்கள்.
நான் மேல்கம்பியைப் பிடித்து நிற்கிறேன்.
மீன்சருவத்தைப் பின்சீட்டுக்கடியில் ஒளித்துவிட்டு
தூத்தூர் செலின் என் கையை உற்றுப் பார்த்தாள்.
"நைட்டிய வெட்டிச் சட்டையாக்கினியா?"
"இல்ல, குப்பாயம்."
அந்தச் சொல்லை அவள் திரும்பச் சொல்லவில்லை.
விரலைத் துடைத்துக்கொண்டு
கக்கத்துத் தையலைத் தடவினாள்.
"இதென்ன, ஒட்டா?"
"கை தூக்க."
"பை இருக்கா?"
"இருக்கு."
"எனக்கொண்ணு. பை பெருசா வை.
மீன்காசு நனையப்பிடாது."

டேப் இல்லை. கையைத் தூக்கச் சொன்னேன்.
தூக்கினாள், இரண்டையும்,
ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல்.
இடுப்பிலிருந்து கக்கம்வரை
ஒரு சாண், ஆறு விரல்.
கக்கத்திலிருந்து மணிக்கட்டு
இரண்டு சாண், இல்லை,
கொஞ்சம் கூட.
"பாறசால, இறங்ஙான் உண்டோ?"
கண்டக்டர் இரண்டாம் தடவை கத்துகிறார்.
"நில்லும்" என்றாள் செலின்,
கையை இறக்காமலே.